போழும் ஊசியும்: புறநானூறு 82ஆம் பாடலில் தோல்வினைஞனின் பிழைப்பும் பொழுதும்

ஆய்வுச் சுருக்கம்

சங்கப் பாடல்களில் தோலால் ஆன பொருள்கள் மிகுதி. அவற்றைச் செய்தவரைப் பற்றிய குறிப்புகள் அரிது. சாத்தந்தையார் பாடிய புறநானூறு 82ஆம் பாடல் அவ்வரிய குறிப்புகளுள் ஒன்று. அப்பாடலின் உவமை பெரும்பாலும் மன்னனது போர் விரைவின் அளவுகோலாகவே கொள்ளப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அதனை ஒரு கைவினைஞனின் வேலைநாள் பற்றிய சான்றாக வாசிக்கிறது. அதே புலவர் பெயரில் அமைந்த 287ஆம் பாடலோடு ஒப்பிட்டு, உவமையில் வரும் ஊர்விழா அவ்வினைஞனுக்கு ஓய்வாக அமையாமல் மற்றொரு பணியாக அமைந்திருக்கக் கூடும் என்று வாதிடுகிறது. தச்சனும் கொல்லனும் தொழிலால் பெயர் பெற, தோல்வினைஞன் தகுதியால் மட்டும் சுட்டப்படுவதன் பொருளையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, சாத்தந்தையார், இழிசினன், தோல்வினை, போழ், உவமை, கைவினைஞர், தொழிற்பெயர்.

முன்னுரை

சங்ககாலப் போர்க்களத்தையும் பாணரின் அரங்கையும் தோலின்றி எண்ணிப் பார்க்க இயலாது. ‘தோல்’ என்னும் சொல்லே சங்க வழக்கில் கேடயத்தையும் குறிக்கும். முரசின் முகம் தோல். அதை இறுக்கிப் பிணித்த வாரும் தோல். யாழின் பத்தரைப் போர்த்தியது தோல். பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆயனின் காலில் தழும்பேற்றியது தோற்செருப்பு. மதுரைக்காஞ்சியில் நள்ளிரவில் திரியும் கள்வரும் செருப்பணிந்தே வருகின்றனர். புறநானூறு 257ஆம் பாடல், பகைவருக்குத் தொல்லை தரும் வீரன் ஒருவனைச் செருப்புக்குள் அகப்பட்ட சிறு பரற்கல்லுக்கு ஒப்பிடுகிறது. செருப்பணிந்து நடந்து பழகிய சமூகத்தில்தான் அப்படி ஓர் உவமை பிறக்க முடியும்.

இப்பொருள்களைப் புலவர்கள் மேலோட்டமாகப் பார்த்துச் செல்லவில்லை. பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழின் போர்வைத் தோலை வருணிக்கையில் அதன் நிறத்தைச் சொல்கிறார். இளஞ்சூல் கொண்ட பெண்ணின் வயிற்றில் படர்ந்த மென்மயிரோடு அதை ஒப்பிடுகிறார். தோலின் இரு விளிம்புகளையும் கூட்டித் தைத்த தையலைக்கூடக் காண்கிறார். மோசிகீரனார் பாடிய புறநானூறு 50ஆம் பாடல், குற்றமற இறுக்கிக் கட்டிய முரசின் வார்களைக் குறிப்பிட்டே தொடங்குகிறது. 288ஆம் பாடலில் முரசுக்குரிய தோல் எந்த எருதினுடையது என்பதும் தெரிகிறது: இரண்டு ஏறுகளைப் பொரவிட்டு, வென்றதன் தோலை மயிரோடு போர்த்தியிருக்கின்றனர். எருதின் வரலாறு சொல்லப்படுகிறது. அதன் தோலை உரித்து, பதப்படுத்தி, இழுத்துப் பிணித்த மனிதனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தையல் தெரிகிறது, தைத்தவன் தெரியவில்லை. இப்பின்னணியில் வைத்துப் பார்க்கும்போதே 82ஆம் பாடலின் தனித்தன்மை விளங்கும்.

பாடலும் அதன் சூழலும்

சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடிய மூன்று பாடல்கள் புறநானூற்றில் 80, 81, 82 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. 80ஆம் பாடல் ஆமூர் மல்லனோடு அவன் செய்த மற்போரைப் பாடுகிறது. 82ஆம் பாடல் ஆறே அடிகள் கொண்டது. ஊரைக் கைப்பற்ற வந்த பொருநனோடு ஆத்திமாலை சூடிய கிள்ளி செய்த போர் எவ்வளவு விரைவாக நடந்தது என்பதே அதன் பொருள். அவ்விரைவுக்கு உவமையாக வருவது ஒரு கட்டில் பின்னுபவனின் கையில் உள்ள ஊசி. ஊரில் விழா தொடங்கிவிட்டது, அவன் மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, ஞாயிறு சாய்கிறது. இந்நிலையில் வாரைச் செலுத்திச் செல்லும் அவனது ஊசி எத்தனை விரைவாக இயங்குமோ, அதனினும் விரைவானது மன்னனின் போர்.

பாடலின் அடிகளுள் பெரும்பகுதி உவமைக்கே சென்றுவிடுகிறது. போர் இறுதி இரண்டு அடிகளில் அடங்கிவிடுகிறது. மன்னனின் பிடி எது, அடி எது, மல்லன் வீழ்ந்த விதம் எது என்று எதுவும் சொல்லப்படவில்லை. இவ்விவரங்களை 80ஆம் பாடல் முன்னரே தந்துவிட்டது என்று அமைதி கூறலாம். ஆயினும் 82ஐத் தனித்து எடுத்துக்கொண்டால், கேட்பவர் மனத்தில் காட்சியாக நிற்பது போரன்று. மழைமாலையில் குனிந்து அமர்ந்து வேலை செய்யும் ஒருவனின் கை. அரசவாகைத் துறையில் வைக்கப்பட்ட பாடலில் இவ்வாறு நேர்ந்திருப்பது கவனத்திற்குரியது.

‘போழ்’ என்னும் சொல் பிளக்கப்பட்டது என்னும் பொருளுடையது. பனையோலைக் கீற்றையும் சங்க வழக்கு போழ் என்றே சொல்லும். எனவே இப்பாடலின் போழ் தோல்வார்தானா என்ற வினா எழுவது இயல்பு. வார் எனக் கொள்வதே உரைவழக்கு. அதற்கு ஊசி ஒரு துணைச்சான்று. வினைஞனைச் சுட்டும் ‘இழிசினன்’ என்னும் சொல் மற்றொன்று. அச்சொல் புறநானூற்றின் வேறிரு பாடல்களில் தோற்கருவி முழக்குவோனைக் குறித்து வருவதால், தோல்வார் என்னும் பொருளே வலிமை பெறுகிறது.

மூன்று நெருக்கடிகள்

உவமையில் அடுக்கப்பட்ட நிலைமைகளை விரைவை மிகுவிக்கும் அணிச்செறிவாக மட்டும் விளக்கிவிடுவது எளிது. வகுப்பறைகளில் பெரிதும் அவ்வாறே விளக்கப்படுகிறது. ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றும் வேலையோடு எவ்வாறு தொடர்புடையது என்று கேட்டால் பாடல் வேறு விதமாகத் திறக்கிறது.

மழையும் சாயும் ஞாயிறும் முதலில் நோக்கத்தக்கவை. தோல்வேலை ஈரத்தையும் வெயிலையும் நம்பிய வேலை. பதப்படுத்தாத தோலை வாராகப் போழ்ந்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பின்னினால், உலரும்போது சுருங்கித் தானே இறுகும். அந்த இறுக்கமே கட்டிலின் உறுதி. பின்னி முடித்தபின் உலர இடமின்றி மழை தொடர்ந்தால் வார் தளர்ந்தே கிடக்கும், படுத்தால் தொய்யும். பறையின் தோல் தளரும்போது கலைஞர்கள் அதைத் தீயில் காய்ச்சி இறுக்குவதும் தோலின் இதே இயல்பு பற்றியே. இனி, துளை கண்டு ஊசி செலுத்த வெளிச்சம் வேண்டும். ஆக, மழை அவனது பொருளைக் கெடுக்கிறது. அந்தி அவனது கண்ணைக் கெடுக்கிறது. மாலைப்பொழுதின் அழகுக்காகவோ முல்லைத்திணையின் நினைவுக்காகவோ இவ்விரண்டும் இங்கு வரவில்லை. சாத்தந்தையார் தோல்வேலையை அருகிருந்து பார்த்தவர் என்று துணிந்து கூற இந்த ஓர் இடம் போதும்.

மனைவியின் பேறுகாலம் விளக்கம் வேண்டாதது. ஆயினும் ஒன்றைக் குறிப்பிடலாம். அவன் எழுந்து செல்லவில்லை. மனைவி ஈற்றுநோவில் இருக்கையிலும் கட்டிலை முடித்துவிட்டே செல்ல வேண்டிய நிலையில் இருக்கிறான். நாளைக்கு என்று தள்ளிவைக்க இயலாத வேலை அது. அக்கட்டில் யாருக்கு உரியது, யார் கேட்டது, அவனுக்கு என்ன கிடைக்கும் என்று பாடல் சொல்வதில்லை. வேலை கொடுத்தவர் பாடலில் இல்லை; அவருடைய வலு மட்டும் வினைஞனின் விரைவில் தெரிகிறது.

விழாவே சிக்கலான பகுதி. விழாக் காணும் ஆவலால் அவன் விரைகிறான் என்று கொள்வது பொது வழக்கு. மனைவி ஈற்றுநோவில் இருக்க, கணவன் விழாக் காண விரைகிறான் என்பது பொருந்தாத இணைப்பு. ‘கொண்டென’, ‘உற்றென’ என இரண்டையும் ஒரே செய்தென வாய்பாட்டால் புலவர் இணைத்திருக்கிறார். ஒன்று விருப்பம், மற்றொன்று கடமை என்று பிரித்துப் படிக்க அத்தொடரமைப்பு இடந்தரவில்லை; இரண்டும் ஒத்த எடையுடைய கட்டாயங்களாகவே நிற்கின்றன.

இங்கு 287ஆம் பாடல் துணைக்கு வருகிறது. கரந்தைத் திணையில் அமைந்த அப்பாடலையும் பாடியவர் சாத்தந்தையார் என்றே குறிப்பு உள்ளது. போர்க்களத்தில் துடி முழக்கும் புலையனையும், குறுந்தடி ஏந்திய இழிசினனையும் விளித்து அது தொடங்குகிறது. 289ஆம் பாடலில் கழாத்தலையார் தண்ணுமை முழக்குவோனை இழிசினன் என்கிறார். ஆக, புறநானூற்றில் இச்சொல் வருமிடங்களுள் இரண்டு முழவுக்கு உரியவை, ஒன்று கட்டிலுக்கு உரியது. சாத்தந்தையாரின் சொல்லாட்சியில் கட்டில் பின்னுபவனும் முழவு கொட்டுபவனும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றனர். தோலை அறிந்த கையே வாரையும் பின்னும், முழவையும் கட்டும், அதைக் கொட்டவும் செய்யும். அவ்வாறாயின் ஊரில் விழா தொடங்கிவிட்டது என்பதன் பொருள் மாறுகிறது. விழாவுக்கு முழவு வேண்டும். முழவுக்கு அவன் வேண்டும். கையிலுள்ள வேலையை முடித்தாக வேண்டும், அடுத்த வேலை காத்திருக்கிறது, வீட்டில் மனைவி நோவில் இருக்கிறாள், மழையோ இரு வேலைகளுக்கும் பகையாகப் பெய்துகொண்டிருக்கிறது.

இதற்குத் தடை கூறலாம். ஒரே சொல் இரு தொழிலாளரைக் குறிப்பதால் இருவரும் ஒருவரே ஆகிவிட மாட்டார். பாடியவர் பெயர்களும் தொகுத்தோர் வழிவந்தவை. இத்தடை ஏற்கத்தக்கதே, மேற்கண்ட வாசிப்பு முடிந்த முடிபு அன்று. எனினும் விழா விருப்பம் என்னும் வழக்கமான விளக்கத்துக்குப் பாடலில் இதைவிடக் குறைந்த சான்றே உண்டு என்பதையும் நோக்க வேண்டும். இவ்விரு பாடல்களும் இணைத்துப் படிக்கப்படாமைக்கு நூலின் வரலாறும் ஒரு காரணமாகலாம். உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றில் பழைய உரை 266ஆம் பாடல் அளவிலேயே நின்றுவிடுகிறது. 82 உரை உள்ள பகுதியிலும் 287 உரை இல்லாத பகுதியிலும் விழுந்தன.

பெயரும் தொழிலும்

புறநானூறு வேறு வினைஞர்களையும் காட்டுகிறது. 228ஆம் பாடலில் ஐயூர் முடவனார் குயவனை விளித்து, இறந்த கிள்ளிவளவனுக்கு எத்துணைப் பெரிய தாழி வனைவாய் என்று கேட்கிறார். அவ்விளியில் அவனுக்குக் ‘கோ’ என்னும் பெயர் கிடைக்கிறது. 256ஆம் பாடலிலும் அவ்வாறே. பொன்முடியாரின் 312ஆம் பாடல் தாய், தந்தை, வேந்தன், மகன் ஆகியோரின் கடமைகளை வரிசைப்படுத்துகையில் வேல் வடித்துத் தரும் கொல்லனுக்கும் ஒரு கடனை ஒதுக்குகிறது. வேலைச் செய்தவன் அப்பட்டியலில் இடம்பெற, கேடயத்துக்குத் தோல் போர்த்தவன் இடம்பெறவில்லை. தச்சன், கொல்லன், கோ ஆகிய மூவரும் செய்தொழிலால் அறியப்படுகின்றனர். 82இன் வினைஞனுக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ‘கட்டில் நிணக்கும்’ என்னும் அடைதான் அவன் தொழிலைச் சொல்கிறது. பெயராக நிற்பது அவனது தாழ்வு. உரைமரபு அதற்குப் புலைமகன் என்று பொருள் கொள்ளும்.

ஜார்ஜ் எல். ஹார்ட் 1975இல் வெளியிட்ட ‘தி பொயம்ஸ் ஆஃப் ஏன்சியன்ட் தமிழ்’ என்னும் நூலில், முழவு கொட்டுவோர் முதலானோரின் தாழ்நிலைக்கு அணங்கு என்னும் கருத்தைக் கொண்டு விளக்கம் தருகிறார். ஆபத்தான ஆற்றலோடு பழகி அதைக் கட்டுப்படுத்துவோர் என்பதால் அவர்கள் ஒதுக்கிவைக்கப்பட்டனர் என்பது அவ்விளக்கத்தின் சாரம். போர்முரசுக்கு இது பொருந்தும். முரசு வழிபடப்பட்டது, பலி பெற்றது. கட்டிலுக்கு இது பொருந்துமாறு இல்லை. படுக்கப் பின்னும் சாதாரணக் கட்டிலில் என்ன அணங்கு? மகப்பேறு உவமையில் இருப்பதைக் காட்டி அதையும் அணங்கோடு தொடர்புபடுத்த முயலலாம். ஆனால் அது வினைஞனின் வீட்டு நிகழ்ச்சி, அவன் தொழிலின் பகுதியன்று. சடங்குத் தொடர்பு சிறிதும் இல்லாத வேலையிலும் அவன் இழிசினனாகவே இருக்கிறான் என்பதே 82 தரும் எதிர்ச்சான்று. சடங்கு நீங்கியபின்னும் எஞ்சி நிற்பது தோல். எனவே பெயரின் தாழ்வு கருவியின் ஆற்றலிலிருந்து வருவதைக் காட்டிலும் வேலைக்குரிய பொருளிலிருந்தும் அதைக் கையாளும் மனிதனின் சமூக நிலையிலிருந்தும் வருகிறது என்று கொள்வதே 82க்கு ஏற்றது.

சிலப்பதிகாரம் இதற்கு மாறான வழக்கைக் காட்டுகிறது. இந்திரவிழவூரெடுத்த காதையில் மருவூர்ப்பாக்கத்தின் வினைஞர்கள் அடுக்கப்படுகையில், துணி தைப்போரை அடுத்துத் தோல் தைப்போர் ‘தோலின் துன்னர்’ என்று குறிக்கப்படுகின்றனர். தைக்கும் பொருள் ஒன்றே வேறுபாடு. பட்டினத்தின் கடைத்தெருவில் தோல்வேலை பல வேலைகளுள் ஒரு வேலையாகிறது. செய்பவன் தையல்காரனுக்கு அண்டையன் ஆகிறான். இங்கும் ஒரு விழாவே பின்னணி என்பது தற்செயல்தான், ஆயினும் சுவையானது. இவ்வேறுபாட்டைக் காலத்தின் முன்னேற்றமாக மட்டும் கருதுவது பொருந்தாது. புறநானூற்று இழிசினன் ஊரில் வாழ்பவன். ஊரின் எல்லா வேலைகளுக்கும் கட்டுப்பட்டவன். மருவூர்ப்பாக்கத்துத் துன்னர் தொழில்பெருக்கி வாழும் நகரத்தவர், வாங்குவோர் பலர். தொழிற்பெயர் பெறுவதற்குச் சந்தை வேண்டியிருக்கிறது.

தொழிற்பெயரே விடுதலை ஆகிவிடும் என்றும் எண்ண இயலாது. பிற்காலத்தில் தோல்தொழிலோடு பிணைக்கப்பட்ட சாதிப்பெயர்கள் வசைச்சொற்களாகவும் வழங்கின. தமிழ்நாட்டில் 2009இல் இயற்றப்பட்ட உள் ஒதுக்கீட்டுச் சட்டம் ஏழு சாதிகளை ‘அருந்ததியர்’ என்னும் பெயரின்கீழ்க் கொண்டுவந்தது; அப்பெயரில் தோலும் இல்லை, தொழிலும் இல்லை. சங்ககால இழிசினனை இன்றைய எச்சாதியோடும் நேராகப் பொருத்துவதற்குச் சான்றில்லை, பொருத்தவும் கூடாது. ஆனால் கையின் திறனைச் சொல்லும் பெயருக்கும் பிறப்பின் தாழ்வைச் சொல்லும் பெயருக்கும் இடையிலான இழுபறி நெடியது. 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற டி. செல்வராஜின் ‘தோல்’ (2010) நாவலில், திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிற்கூடங்களில் உழைப்போர் ‘தொழிலாளர்’ என்னும் பொதுப்பெயரைச் சங்கம் அமைத்துப் போராடியே பெற வேண்டியிருக்கிறது.

தச்சனின் திங்கள்

ஔவையார் அதியமானைப் பாடிய 87ஆம் பாடலை 82க்கு அருகில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. அங்கும் ஒரு கைவினைஞனே உவமை. ஒரு நாளில் எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒருவன், ஒரு திங்கள் முழுதும் முயன்று ஒரே ஒரு தேர்க்காலைச் செய்தால் அது எத்தகையதாக இருக்குமோ, அத்தகையவன் அதியமான் என்கிறார் ஔவையார். இரு பாடல்களும் மன்னரைப் புகழக் கைவினையின் காலத்தை அளவாகக் கொள்கின்றன. ஒன்றில் வினைஞனிடம் தேவைக்கு மிஞ்சிய காலம் இருக்கிறது. மற்றொன்றில் காலமே இல்லை.

தச்சனின் திறன் அவனது மெதுவில் தெரிகிறது. விரையக் கூடியவன் விரையாமல் இருக்கிறான். அந்த ஒரு திங்களுக்கு அவனுக்குச் சோறிட யாரோ இருக்கின்றனர், அரசனாகவோ செல்வனாகவோ. தேர்க்கால் போருக்கும் பெருமிதத்துக்கும் உரியது. அதற்குப் பொறுமையான வாங்குநர் உண்டு. கட்டில் பின்னுபவனுக்கு அந்த வசதி இல்லை. அவனும் திறனாளியே. இருளில், மழையில், மனம் வீட்டில் இருக்கையில், ஊசி தவறாமல் செல்கிறது. தவறினால் விரைவு என்ற உவமையே நில்லாது. ஆனால் அத்திறன் பாடலில் திறன் என்ற பெயரைப் பெறவில்லை. வேகம் என்ற பெயரையே பெறுகிறது.

பரிசில் மரபும் இங்கே நினைக்கத்தக்கது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் உள்ளன. பொருநரும் பாணரும் கூத்தரும் புரவலரை நோக்கி வழிப்படுத்தப்படுகின்றனர். அவர்கள் தோளில் சுமந்து செல்லும் யாழுக்கும் முழவுக்கும் தோல் போர்த்துக் கொடுத்தவனை எந்தப் புரவலனிடமும் எந்தப் புலவரும் ஆற்றுப்படுத்தவில்லை. அவனது பிழைப்பு ஊரின் ஏவலில் இருந்தது. பரிசில் அவனுக்கு உரிய வகைமையாக இல்லை.

82ஆம் பாடலை வகுப்பில் கற்பிக்கும்போது ‘உவமேயம்: போர், உவமானம்: ஊசி, பொதுத்தன்மை: விரைவு’ என்று எழுதி முடித்துவிடுவது வழக்கமாக உள்ளது. இலக்கண அளவில் அதில் பிழையில்லை. ஆனால் அரசனின் விரைவுக்கும் இழிசினனின் விரைவுக்கும் காரணம் ஒன்றன்று. கிள்ளி வெல்ல விரைந்தான். கட்டில் பின்னுபவன் விரைந்தது, அவனுக்காக எவரும் எதையும் நிறுத்திவைக்கவில்லை என்பதால்.